பாலம் வரைக்கும்

முதல்ல அந்தத் தாளு மேல ஒரு கல்லை வைங்கம்மா. காத்து என்னா தள்ளு தள்ளுது பாருங்க. இப்பதானே ஒண்ணு பறந்து போயி அந்தப் பொண்ணு எடுத்தாந்து குடுத்துது. அதோ, புங்க மரத்தடியில, ஊதா சேலை. அதுதான். தாளைக் குடுத்துட்டு என்னைப் பாத்து "வணக்கம் சார்"னு சொல்லிட்டுப் போவுது. சார்! அவங்கப்பன் என்னை சாமின்னு கூப்பிடுவாரு. இதுவும் சின்னதுல அப்படித்தான் கூப்பிடும். இப்ப சாரு. டவுன்ல துணிக்கடையில வேலை பாக்குது, பழக்கம் அப்படி ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன்.

எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. பன்னண்டு மணிக்குள்ள விசாரணைக்கு உள்ள கூப்பிட்டுடுவாங்க, அப்ப தாளு கையில இருக்கணும். பேரு கோதண்டம். வயசு அம்பத்தொம்பது. நெடுவாத்தூர் கிராம உதவியாளர். தலையாரின்னு போட்டுடாதீங்க, ஊர்ல எல்லாரும் தலையாரின்னுதான் கூப்பிடுறாங்க, ஆனா காயிதத்துல அப்படிப் போடக் கூடாது. முப்பத்தோரு வருஷம் சர்வீசு. வர்ற வைகாசியோட முடியுது. இத்தனை வருஷத்துல ஒரு மெமோ வாங்குனதில்ல. அதையும் எழுதிடுங்க. வேணாமா? சரி, நீங்க சொன்னா சரி.

எனக்கும் எழுத வரும்மா. எட்டாவது பாஸு. கைதான் ஒரு மாசமா நடுங்குது. டாக்டரு நரம்புன்றாரு. இந்தாங்க, வி.ஏ.ஓ. சார் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்காரு, இதைப் பாத்து அப்படியே என் வாக்குமூலமா எழுதிக் குடுத்துடுங்க, கடைசியில கையெழுத்து மட்டும் நான் போட்டுடுறேன். ஒரு பக்கம்கூட வராது. என்ன எழுதியிருக்குன்னா, "மேற்படி தேதியில் ஊரின் அனைத்துப் பகுதிகளிலும் ஒலிபெருக்கி மூலம் வெள்ள முன்னறிவிப்பு செய்யப்பட்டது." அவ்வளவுதான். 

என்ன கேட்டீங்க? நடந்ததை வாயால சொன்னாதான் எழுதுவீங்களா? மனு எழுதற எடத்துல இதென்னம்மா புதுப் பழக்கமா இருக்குது. சரி, சொல்றேன். நீங்களும் நாளைக்கு யாராவது கேட்டா பதில் சொல்லணுமில்ல. மெதுவா பேசணும்ன்றீங்களா? எனக்கு மெதுவா பேச வராதும்மா. இந்தக் கரையில நின்னு அந்தக் கரைக்குக் கத்திக் கத்தியே பழகுன தொண்டை. வீட்டுக்காரி காதுல ரகசியம் சொன்னாக்கூட பக்கத்து வீட்ல சிரிப்பாங்க.

போன மாசம், கார்த்திகையில ஒரு புயல் வந்துதே, ஞாபகம் இருக்கா? நாலு நாள் விடாம ஊத்துச்சே, அதுதான். மூணாவது நாள், வியாழக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்கு தாலுகா ஆபீசுலேருந்து வி.ஏ.ஓ. சாருக்குப் போன். மேலணையில தண்ணி தொறக்கப் போறாங்க, ராத்திரிக்குள்ள உங்க ஏரிக்கு வந்துடும், ஏரி ஏற்கெனவே தளும்புது, ஓடை பொங்கும், தாழ்வான பகுதி ஜனங்களை அஞ்சு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏத்திடுங்கன்னு உத்தரவு. சார் டவுன்ல இருந்தாரு. அவரு வீடு டவுன்லதான். என்னைக் கூப்பிட்டு, "கோதண்டம், மைக் கட்டி அறிவிப்பு குடுத்துடு, குடுத்துட்டுப் போட்டோ எடுத்து அனுப்பு"ன்னாரு. நான் உடனே கெளம்பிட்டேன். சாப்புட உக்காந்தவன், கை கழுவிட்டு எழுந்துட்டேன். அதை எழுதுங்க.

மைக் செட்டுக் கடையில ரெண்டு கொழா வாங்கி ஞானசேகர் ஆட்டோவுல கட்டுனோம். பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சோம். மேலத்தெரு, நடுத்தெரு, செட்டித்தெரு, மேட்டுத்தெரு. ஒவ்வொரு முக்குலயும் நிறுத்தி மூணு வாட்டி சொன்னேன். மழைன்னா அப்படி ஒரு மழை. ஆட்டோ உள்ள இருந்தே தொப்பலா நனைஞ்சிட்டேன். மேட்டுத்தெருவுல வாத்தியார் வீட்டம்மா கதவைத் தொறந்து, "கோதண்டம், எங்க தெருவுக்கு எந்தக் காலத்துல தண்ணி வந்துது, போயி டீ குடிச்சிட்டு வேலையைப் பாரு"ன்னாங்க. டீயும் குடுத்தாங்க. நல்ல மனுஷி.

அப்புறம் ஓடைப் பாலம். பாலத்துக்கிட்ட நிறுத்தி, அந்தப் பக்கம் கொழாயைத் திருப்பி வெச்சு, அங்கயும் மூணு வாட்டி சொன்னேன். அதோட திரும்பிட்டோம்.

அந்தப் பக்கமா? அந்தப் பக்கம் காலனி. 

இல்லம்மா, பாலத்தைத் தாண்டல. ஏன்னா, தார் ரோடு பாலத்தோட நின்னு போச்சு. காலனிக்கு ரோடு மூணு தடவை சாங்ஷன் ஆச்சு. மூணு தடவையும் ஜல்லி கொட்டுனாங்க, ஜல்லி மட்டும் மிச்சம். அது என் குத்தமா? ஞானசேகரு, "அண்ணே, சேத்துல எறக்குனா சக்கரம் மாட்டிக்கும், நீ தூக்கி விடுவியா"ன்னான். நடந்து போயிருக்கலாமேன்றீங்க. கால் கிலோமீட்டருதான். நடந்து போனா மைக்கை யாரு தூக்கறது? அதோட, கொழாயைத்தான் அந்தப் பக்கம் திருப்பி வெச்சோமே. அன்னிக்கு அடிச்ச காத்துக்கு சத்தம் தானா போயிருக்கும். காத்துல சேதி போவாதா? கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் போட்டா நாலு ஊருக்குக் கேக்குதே.

புயல் காத்து கடல் பக்கத்துலேருந்து, கிழக்கேருந்து அடிச்சிருக்குமேன்றீங்களா? காலனி கிழக்கத்தான் இருக்கு. ஆமா. இருக்கட்டும். நான் என்ன வானிலை ஆபீசரா? காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டா நிப்பேன்? நீங்க எழுதற ஆளா, விசாரிக்கற ஆளா? கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசமா எல்லாரும் இதையே கேக்கறாங்க, எரிச்சல் வந்துடுது.

விஷயம் என்னன்னா, வழக்கம்மா. வழக்கம்தான். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இந்த மைக்கெல்லாம் வந்து இப்ப மூணு நாலு வருஷம்தானே ஆவுது. அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல தண்டோராதான். கன்னியப்பன்னு ஒருத்தரு. காலனி ஆளு. அந்தப் பொண்ணு சுகந்தியோட அப்பன். எனக்குப் பத்துப் பன்னண்டு வயசு மூப்பு. வரி கட்டணும்னாலும் சரி, ஏரி மீன் ஏலம்னாலும் சரி, கிராம சபைன்னாலும் சரி, நான் போயி பாலத்துல நின்னு ஒரு குரல் குடுப்பேன், "ஏய் கன்னியப்பா"ன்னு. மேளத்தை எடுத்துக்கிட்டு ஓடியாந்துடுவாரு. சேதியை ஒரு தடவை சொன்னாப் போதும், எழுத்துக்கு எழுத்து மனசுல வெச்சுக்குவாரு. பிள்ளையார் கோயில்ல ஆரம்பிச்சு, மேலத்தெரு, நடுத்தெரு, செட்டித்தெரு, மேட்டுத்தெரு, பாலத்துல வந்து முடிப்பாரு. முடிச்சிட்டு செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாரு. செருப்பு பாலத்துலதான் கெடக்கும், தெருவுக்குள்ள போட்டுக்கிட்டு வரமாட்டாரு. நாங்க யாரும் சொன்னதில்ல. அவரா வெச்சுக்கிட்ட மரியாதை.

காலனிக்குத் தனியா தண்டோரா கிடையாது. எதுக்கு? அவரே அங்கதானே இருக்காரு. வீட்டுக்குப் போற வழியில நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டே போவாரு, அரை மணி நேரத்துல காலனி முழுக்கத் தெரிஞ்சிடும். ஒரு நாளும் தப்புனதில்ல.

அப்புறம் சர்க்காருலேருந்து உத்தரவு வந்துது. தண்டோரா போடக் கூடாது, அது ஒரு ஜாதியை இழிவுபடுத்துற வேலை, இனிமே ஆட்டோவுல மைக் கட்டித்தான் அறிவிக்கணும்னு. நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லல. அவங்க மரியாதைக்குத்தானே போட்டாங்க. நான்தான் போயி கன்னியப்பன்கிட்ட சொன்னேன். "சரி சாமி, காலுக்கு இனிமே முள்ளு குத்தாது"ன்னு சிரிச்சாரு. அன்னிலேருந்து மைக் ஆட்டோ. அவரு எந்த வழியில போனாரோ அதே வழி. பிள்ளையார் கோயில்லேருந்து பாலம் வரைக்கும். யாரும் எதையும் மாத்தல. 

ஆமாம்மா. அதைத்தான் நானும் சொல்றேன். வழி மாறல. வீட்டுக்குப் போற ஆளு மட்டும் இல்ல. அது அன்னிக்கு யாருக்குத் தோணுச்சு? வி.ஏ.ஓ. சாருக்குத் தோணல, தாசில்தாருக்குத் தோணல, எட்டாவது படிச்ச எனக்கு மட்டும் தோணணுமா?

நீங்க என்னை ஜாதி பாக்குற ஆளுன்னு நெனைக்கறீங்க. மூஞ்சியிலேயே தெரியுது. அதெல்லாம் என்கிட்ட கிடையாது. கன்னியப்பன் வீட்டு வாசல்ல நின்னு எத்தனை வாட்டி கலர் குடிச்சிருக்கேன் தெரியுமா? புள்ளையை அனுப்பி கடையிலேருந்து மூடி தொறக்காத பாட்டிலாத்தான் வாங்கியாரச் சொல்லுவாரு, நான் கேக்காமலே. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன். கோடையில ஒரு கணக்கு எடுக்கச் சொன்னாங்க, வெள்ளம் வந்தா பாதிக்கப்படற பகுதி எதுன்னு. நான்தான் வீடு வீடாப் போயி எண்ணிட்டு வந்தேன். காலனி, அறுபத்திரெண்டு வீடு. அந்தப் பட்டியல் இன்னும் எங்க ஆபீசு செவுத்துல ஒட்டியிருக்கு. முதல் பேரே காலனிதான். ரெண்டாவது பேரே இல்ல, அது ஒண்ணுதான். மத்தத் தெருவெல்லாம் மேடு.

அப்ப மேட்டுல இருக்குறவங்களுக்கு எதுக்கு மூணு வாட்டி சொன்னீங்கன்னு கேக்கறீங்க. வழக்கம்னு சொன்னேனே.

தண்ணி குடுங்க கொஞ்சம்.

விடியக்காலம் நாலரைக்கு ஓடை பொங்குச்சு. பொழுது விடிஞ்சு நான் பாலத்துக்குப் போனப்ப பாலம் தெரியல. காலனியில இடுப்பளவு, பள்ளத்து வீடுகள்ல கழுத்தளவு. ஜனங்க ஓட்டு மேலயும் புளிய மரத்து மேலயும். நான் போன் போட்டேன். படகு பதினோரு மணிக்கு வந்துது. ஏன் லேட்டுன்னு என்னைக் கேக்காதீங்க, அது தீயணைப்பு. ஊர்க்காரங்களும் சும்மா இல்ல, பள்ளிக்கூடத்துல எலுமிச்சஞ்சாதம் கிண்டுனாங்க. ரெண்டு அண்டாவுல கிண்டுனாங்க. ஒரு அண்டான்னா சண்டை வரும்னு. எல்லாருக்கும் ஒரே அரிசி, ஒரே பருப்பு.

ரெண்டு பேரு போயிட்டாங்க. கன்னியப்பனும் அவரு சம்சாரமும். அந்தம்மா ரெண்டு வருஷமா பக்கவாதத்துல படுத்த படுக்கை. இவரு தூக்கிக்கிட்டு வெளிய வரப் பாத்திருக்காரு. வாசப்படி தாண்டல. பொண்ணு டவுன்ல மாட்டிக்கிச்சு, பஸ்ஸு இல்ல. மூணாம் நாளுதான் வந்து பாத்துது.

அப்புறம் அறிக்கை எழுதணுமில்ல. சாவு நடந்தா அறிக்கை எழுதித்தான் ஆவணும். வி.ஏ.ஓ. சார் எழுதுனாரு, சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒரு வரி. "முன்னறிவிப்பு செய்தும் வெளியேற மறுத்து வீட்டிலேயே தங்கியதால்." அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை பாடு. அந்தப் பொண்ணு அதைப் படிச்சிட்டு மனு மேல மனு போடுது. நிவாரணமெல்லாம் கேக்கலியாம். பணத்தைக் குடுத்தப்பகூட வாங்கல. "எங்கப்பா சொன்ன பேச்சு கேக்காம செத்தாருன்னு எழுதியிருக்கு சார், அந்த வரியை அடிங்க"ன்னு ஒரே பேச்சு. எங்க சார் சமாதானம் சொல்லிப் பாத்தாரு. ஒரு வரிதானேம்மா, யாரு படிக்கப் போறான்னாரு. "நான் படிச்சிட்டேனே சார்"னுச்சாம். பிடிவாதம். அப்பனுக்கு அவ்வளவு பிடிவாதம் கிடையாது.

இப்ப விசாரணை. நான் பாலம் தாண்டலன்னு சொன்னா, அறிவிப்பே குடுக்கலன்னு ஆயிடும். வி.ஏ.ஓ. சாரு டவுன்ல இருந்துக்கிட்டு ஸ்பாட்ல இருந்ததா எழுதியிருக்காரு, அதுவும் வெளிய வரும். அஞ்சு மாசத்துல எனக்கு ரிட்டயர்டு. பென்ஷனை நிறுத்தி வெச்சுடுவாங்க. தாண்டுனேன்னு சொன்னா, அந்த வரி அப்படியே நின்னுடும். அதான் சீட்டுல "அனைத்துப் பகுதிகளிலும்"னு பொதுவா எழுதியிருக்காரு. சார் படிச்சவரு.

என்ன எழுதறீங்க இவ்வளவு நேரமா? பேனா நிக்கவே இல்லியே. சீட்டை நீங்க திரும்பிக்கூடப் பாக்கல.

என்னது? பாலத்துல யாராவது பாத்தாங்களான்னா?

யாரு பாப்பாங்க அந்த மழையில.

பாத்தாரு. கன்னியப்பன் பாத்தாரு.

இதை எழுத வேணாம்மா. பேனாவைக் கீழ வைங்க. வெச்சாதான் சொல்லுவேன். சரி. நான் மூணாவது வாட்டி மைக்குல சொல்லி முடிச்சிட்டு வண்டியைத் திருப்பச் சொல்றேன், அந்தப் பக்கத்துலேருந்து ஒரு ஆளு வர்றாரு. தலையில உரச் சாக்கு மாட்டியிருக்காரு, நெஞ்சுக்குக் குறுக்கால பிளாஸ்டிக் தாளைச் சுத்தி மேளம். மழையில தோலு நனையாம இருக்கட்டும்னு சுத்தியிருக்காரு. அந்த வயசுல ஓடியாந்திருக்காரு, மூச்சு வாங்குது. "சாமி, சத்தம் கேட்டுச்சு, சேதி புரியல. என்ன சேதி?"ன்னாரு. சொன்னேன்மா! நான் ஒண்ணும் மறைக்கல. அணை தொறக்கறாங்க, ஓடை பொங்கும், அஞ்சு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்கன்னு அட்சரம் பிசகாம சொன்னேன். அப்ப அறிவிப்பு குடுத்ததா ஆவாதா? நீங்களே சொல்லுங்க.

அவரு கேட்டாரு. "அப்ப நம்ம ஜனத்துக்கு ஒரு அடி அடிச்சுச் சொல்லிடட்டுமா சாமி? மேளம் கேட்டாதான் கதவைத் தொறப்பாங்க."

நான் வேணாம்னுட்டேன்.

உத்தரவு இருக்கேம்மா! தண்டோரா போடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. எவனாவது போன்ல வீடியோ எடுத்துப் போட்டுட்டான்னா? தலையாரி நிக்கறாரு, காலனி ஆளு மேளம் அடிக்கறாருன்னு? அன்னிக்கே எனக்கு சஸ்பெண்டு. அவரு மரியாதைக்காகப் போட்ட உத்தரவை நானே மீறலாமா? "அடிக்காத கன்னியப்பா, வாயால சொல்லிடு"ன்னேன். மேளத்து மேல கையை வெச்சுக்கிட்டு நின்னாரு. "அறுபத்திரெண்டு வீடு சாமி"ன்னாரு. "அதான், நேரமாவுது, ஓடு"ன்னேன். சரி சாமின்னுட்டுத் திரும்பிட்டாரு.

வாயால சொல்லிக்கிட்டே போயிருக்காரு. அது பின்னால தெரிஞ்சுது. எழுவது வயசு, அந்த மழையில ஒவ்வொரு கதவா தட்டியிருக்காரு. பாதிப் பேரு நம்பல. "சர்க்காரு சேதின்னா மைக் வந்திருக்குமே, பெருசு, இல்லன்னா நீ மேளமாவது அடிச்சிருப்பியே"ன்னு கேட்டிருக்காங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. முப்பது வருஷமா மேளத்தோடதான் அவரு வாயிலேருந்து சேதி வந்துது. அப்படியும் விடல. சின்னப் புள்ளைங்க இருக்குற வீடெல்லாம் கிளப்பி, கையைப் புடிச்சு பாலத்தைத் தாண்ட வெச்சிருக்காரு. ராத்திரி பூரா நடை. கடைசியா தன் வீட்டுக்குப் போயிருக்காரு.

வெளியேற மறுத்துத் தங்கியதால். ஆமா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மேளம் மூணு நாள் கழிச்சு பாலத்துக்கிட்ட கருவேல முள்ளுல மாட்டியிருந்துது. நானே எறங்கி எடுத்தேன். தோலு ஊறி உப்பி, பொணம் மாதிரி கனக்குது. எங்க மாட்டுக்கொட்டாயில மாட்டி வெச்சிருக்கேன். வீட்டுக்குள்ள கொண்டாறக் கூடாதுன்னு சம்சாரம் சொல்லிட்டா. பொண்ணுகிட்ட குடுத்துடணும்னுதான் இருக்கேன். என்ன சொல்லிக் குடுக்கறது? அதான் நாளைக்கு நாளைக்குன்னு போவுது. மழைக்காத்து அடிச்சா அது செவுத்துல இடிக்குதும்மா. தொம்முனு. மாடு மெரளுது. கை நடுக்கம் அதுலதான் ஆரம்பிச்சுது, டாக்டருகிட்ட நான் அதைச் சொல்லல.

பாவம் செஞ்சிட்டேனாம்மா?

பதிலுக்குத் தாளைத் திருப்பறீங்க. எழுதறவங்க எப்பவும் இப்படித்தான்.

சரி விடுங்க. சீட்டுல இருக்கறதையே எழுதுங்க. இன்னிக்கு எனக்கு நேரமில்ல. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். காலையிலேயே தாலுகாவுலேருந்து போன் வந்துடுச்சு. மறுபடியும் புயலு. சிவப்பு எச்சரிக்கை. அணையை இன்னிக்கு சாயந்திரம் தொறக்கறாங்க. நாலு மணிக்கு ஞானசேகரு ஆட்டோ கட்டிக்கிட்டு நிப்பான்.

இந்தத் தடவையா?

இந்தத் தடவையும் பாலம் வரைக்கும்தான். நான் கேட்டுப் பாத்தேன்மா, கேக்காம இல்ல. "சார், இன்னிக்காவது எறங்கி நடந்து போயி சொல்லிட்டு வந்துடுறேனே"ன்னேன். சார் என்னா சொன்னாரு தெரியுமா? "கோதண்டம், விசாரணை நடக்கறப்ப நீ இன்னிக்குப் புதுசா உள்ள போனா, அன்னிக்குப் போகலன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். எல்லாம் அன்னிக்கு மாதிரியே இருக்கணும்"னாரு. யோசிச்சா சரியாத்தான் இருக்கு. அவரு படிச்சவரு.

ஆனா இப்ப கன்னியப்பனும் இல்லியே. 

அதான் உங்ககிட்ட ஒரு உதவி. நீங்க எழுதி முடிச்சிட்டு, நான் உள்ள போன பொறவு, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா? காலனி ஜனங்களை அஞ்சு மணிக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிடச் சொல்லுங்க. அதுகிட்ட போன் இருக்கு, சொன்னா எல்லாருக்கும் சொல்லிடும். அவங்கப்பன் மாதிரிதான், ஒருத்தரை விடாது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்களா செய்தியில கேட்டதா சொல்லுங்க.

நானே சொல்லலாமா? என் முதுகுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கு, பத்தடிதான், தெரியுது. பத்தடிதான்மா. எனக்குத்தான் காலு வரல.

உள்ள கூப்பிடுறாங்க. கோதண்டம்னுதானே கூப்பிட்டாங்க? குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்? என்னம்மா இது, நாலு பக்கம் இருக்கு. சீட்டுல இருந்தது ஒரு வரிதானே. பேனாவைக் கீழ வைக்கச் சொன்னேனே, வெச்சீங்களே. திரும்ப எப்ப எடுத்தீங்க? மேளம், செருப்பு, மாட்டுக்கொட்டா, எல்லாமே இருக்கு. இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?

எங்க பாக்கறீங்க? என்னைப் பாருங்க. என் பின்னால என்ன?

ஏன் எழுந்து நிக்குது அந்தப் பொண்ணு? போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு அழுவுது. என்ன பேசுது? பள்ளிக்கூடம்னு சொல்லுதா? அஞ்சு மணின்னு சொல்லுதா?

நான் இத்தனை நேரம் கத்திக்கிட்டா இருந்தேன்? ஏம்மா, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் அடிக்குது?